டாக்டர் கைவிட்ட கதை

முதல் ஆறு சபைகளிலும் மெக்கானிக் பம்ப்பைப் பற்றித்தான் பேசினார்.

அவருக்குத் தெரிந்தது அதுதான். பதினான்கு வருஷம் தண்ணீர் பம்ப் பழுது பார்த்த கை. கடல் தாண்டி எங்கோ இருக்கும் சின்னச் சின்னத் தீவுகளில் ஜனங்கள் குட்டைத் தண்ணீரைக் குடித்துச் சாகிறார்கள், கிணறு தோண்டி பம்ப் போட ஆள் வேண்டும் என்று மிஷன் சங்கம் கேட்டபோது, அவரும் அவர் மனைவியும் ஒரு மாதம் ஜெபம் செய்துவிட்டு, நாங்கள் போகிறோம் என்று கை தூக்கினார்கள். மனைவி சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் டீச்சர். அங்கே ஒரு பள்ளிக்கூடமும் தேவைப்பட்டது.

சங்கம் சம்பளம் தராது. குடும்பம் அங்கே பிழைக்க மாதாமாதம் ஆகும் செலவைச் சபைகளும் தெரிந்தவர்களும் தாங்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சபைக்குப் போய்ப் பேசுவார்கள். விருப்பம் உள்ளவர்கள் ஒரு பொருத்தனை அட்டையில் மாதம் இவ்வளவு தருகிறேன் என்று எழுதிக் கொடுப்பார்கள். குடும்பம் போய்ச் சேர்ந்த பிறகே அந்தப் பணம் வர ஆரம்பிக்கும். தேவை நூற்றுக்கு நூறு நிறைந்தால்தான் பயணச்சீட்டு. தொண்ணூற்றொன்பதுக்குக்கூடக் கிடையாது.

வால்வு எப்படித் திறக்கும், வாஷர் ஏன் தேயும் என்று மெக்கானிக் படம் போட்டு விளக்கினார். ஜனங்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்காவது சபையில் கடைசி வரிசைப் பெரியவர் ஒருவர் குறட்டை விட, அவரை எழுப்பிவிடக் கூடாதே என்று மெக்கானிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அன்று வந்தது இரண்டே அட்டை. அதில் ஒன்று வெறும் அட்டை.

இதற்குள் அவர் வேலையை விட்டிருந்தார். வாடகை வீட்டைக் காலி செய்து, டீச்சரின் அண்ணன் வீட்டு மாடி அறையில் பதினொரு அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்கியிருந்தார்கள். அண்ணி நல்லவள்தான். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"ஊர்ல எல்லாரும் வெளிநாடு போய் சம்பாதிச்சு இங்க அனுப்புவாங்க. நீங்க மட்டும்தான் இங்க வசூல் பண்ணிட்டு வெளிநாடு போறீங்க" என்றாள். டீச்சரும் சிரித்தாள். மாடிக்குப் போன பிறகு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை.

ஏழாவது சபையில் ஓர் அம்மா எழுந்து கேட்டாள். "புள்ளையையும் கூட்டிட்டுப் போறீங்களே, பயமா இல்லையா?"

புள்ளை என்றால் எட்டு வயதுப் பெண். ஒல்லி, துறுதுறுப்பு, கேள்வி கேட்டால் சுருக்கென்று குத்தும். வீட்டில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர்.

மெக்கானிக் பம்ப்பை விட்டுவிட்டுப் பேசினார். குண்டூசிக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. நான்கு நாள் கண் திறக்கவில்லை. இன்னைக்கு ஒரு நாள் தாண்டட்டும், அப்புறம் சொல்றேன் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் புருஷனும் பெண்டாட்டியும் மண்டியிட்டு அழுதார்கள். பிழைத்துவிட்டாள். "இவளைக் காப்பாத்தினவர் அங்கேயும் இருக்காருன்னு நம்பிப் போறோம்" என்றார்.

அவ்வளவும் நிஜம். சபையே மூக்கை உறிஞ்சியது. அன்று பத்தொன்பது அட்டைகள்.

எட்டாவது சபையில் அதையே சொன்னார். நான்கு நாள் ஏழு நாளானது. டீச்சர் அதை மறதி என்று நினைத்துக்கொண்டாள். ஒன்பதாவதில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். பத்தாவதில் எங்களால் ஆகாது என்றார். பதினொன்றாவதில், டாக்டர் குழாயைப் பிடுங்கிவிட்டு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, எங்க கையில ஒண்ணும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். அந்த வரியில் மெக்கானிக்கின் குரல் உண்மையாகவே உடைந்தது. டீச்சருக்கு உடம்பு சில்லிட்டது அதனால்தான். பொய் சொல்லும்போது மனிதருக்கு எப்படி அழுகை வருகிறது?

பஸ் நிறுத்தத்தில் கேட்டாள். "என்னங்க, டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லையே."

"சொல்லல. ஆனா அவங்க மூஞ்சியில தெரிஞ்சுதே."

"மூஞ்சியில தெரிஞ்சது வேற, வாயால சொன்னது வேற."

மெக்கானிக் கையிலிருந்த அட்டைக் கட்டை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "நிறையலேன்னா நாம எங்க போவோம்? வேலை இல்ல, வீடு இல்ல. உங்க அண்ணி மாடியிலேயே கிடப்போமா?" என்றார். அவர் கண்ணில் இருந்ததைப் பார்த்து அவள் வாயை மூடிக்கொண்டாள். மனிதர் பயந்து போயிருந்தார். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவரை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

அவளுக்கும் பயம்தான். நிறையாமல் போய்விடுமோ என்று ஒரு பயம். நிறைந்துவிட்டால் போயாக வேண்டுமே என்று இன்னொரு பயம். முன்பு அந்தத் தீவுக்குப் போயிருந்த குடும்பம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, படகில் பத்து மணி நேரம் பயணம் செய்து ஆஸ்பத்திரி சேர்ந்தது என்றும், அதோடு திரும்பி வந்துவிட்டது என்றும் சங்கத்தில் யாரோ சொன்னது அவள் காதைவிட்டுப் போகவில்லை. இதற்கெல்லாம் மேலே புதிதாக ஒரு பயம். கர்த்தர் செய்யாததைச் செய்தார் என்று சொல்லி அவர் பேரில் வாங்குகிறோமே, இது எதில் போய் முடியும்?

அந்த வாரம் ஒரு காலை, டீச்சர் மாடிக்கு வந்தபோது குண்டூசி பெட்டிமேல் உட்கார்ந்து, இடது மணிக்கட்டை வலது கையின் இரண்டு விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் சுவர்க் கடிகாரத்தில்.

"என்னடி பண்றே?"

"ஓடுதான்னு பாக்குறேன்."

"என்னது?"

"நாடி. பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க. தினமும் பாக்குறேன்மா. நின்னுச்சுன்னா உடனே உன்கிட்ட சொல்லணும்ல."

டீச்சர் அவள் கையைப் பிடித்து விலக்கினாள். சின்ன விரல்கள் ஐஸாக இருந்தன.

"அம்மா, அங்க டாக்டர் கிடையாதுல்ல?"

"படகுல போனா இருக்காங்க."

"இங்க இருந்த டாக்டரே என்னை விட்டுட்டாங்க. அங்க ஆளே இல்லேன்னா?"

அப்படி யாரும் உன்னை விடலடி என்று சொல்ல வாய் திறந்தாள். சொன்னால் அடுத்த கேள்வி அப்பாவிடம் போய் நிற்கும். குண்டூசியாயிற்றே. "ஒண்ணும் ஆகாது, வா சாப்பிடு" என்றாள்.

பன்னிரண்டாவது சபை பெரியது. நானூறு பேர் உட்காரும் கட்டடம், பின்னால் தேநீர் பரிமாற ஒரு கூடம். தேவையில் எழுபத்திரண்டு சதவீதம் நிறைந்திருந்தது. சங்கக் கமிட்டி கூடுவதற்கு இன்னும் இரண்டே வாரம். இந்த ஒரு சபை மனது வைத்தால் மீதி முழுவதும் முடிந்துவிடும் என்று சங்கச் செயலாளர் சொல்லியிருந்தார். மெக்கானிக் மூன்று தடவை முகம் கழுவினார்.

டீச்சரும் குண்டூசியும் முதல் வரிசையில். பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது டீச்சர் யதேச்சையாகத் திரும்பிப் பார்த்தாள். நான்காவது வரிசை ஓரத்தில், நரைத்த குட்டை முடியோடு, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு ஓர் அம்மா நின்றிருந்தாள்.

டாக்டரம்மா.

ஐந்து வருஷத்தில் முடி முழுக்க நரைத்திருந்தது. ஆனால் அந்தத் தோளும் நிற்கும் விதமும் மாறவில்லை. நரம்பே கிடைக்காமல் நர்ஸுகள் தவித்தபோது, குண்டூசியின் கணுக்காலில் கீறி நரம்பைத் தேடிப் பிடித்து மருந்து ஏற்றியவள். நான்கு நாளும் கட்டிலைவிட்டு அதிகம் நகராமல், நின்றபடியே பிஸ்கட் தின்றவள். பிள்ளை கண் திறந்தபோது சுவரில் சாய்ந்து, "அப்பாடா" என்று மட்டும் சொன்னவள்.

டீச்சருக்குப் பாட்டு வரவில்லை.

மெக்கானிக் ஏற்கெனவே மேடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவள் கண்ணால் ஜாடை காட்டினாள். பதற்றத்தில் இருக்கிறாள் என்று நினைத்து அவர் புன்னகைத்துத் தலையாட்டினார். தலையை இல்லை என்று ஆட்டிப் பார்த்தாள். அவர் தன் சட்டைக் காலரைத் தொட்டுச் சரி செய்துகொண்டார்.

அவர் எழுந்து பேச ஆரம்பித்துவிட்டார். தீவு, தண்ணீர், கிணறு. இன்னும் ஐந்து நிமிஷத்தில் அந்த இடம் வரும். டீச்சர் ஒரு பொருத்தனை அட்டையின் பின்பக்கம் எழுதினாள். டாக்டரம்மா வந்திருக்காங்க. நாலாவது வரிசை. அந்தக் கதை வேண்டாம். பேனா அட்டையைக் கிழித்துவிடும் போல இருந்தது.

"அப்பாகிட்ட குடுத்துட்டு உடனே வந்துடு" என்று குண்டூசியின் கையில் திணித்தாள்.

குழந்தை படியேறி மேடைக்குப் போனதும் சபை செல்லமாகச் சிரித்தது. மெக்கானிக்கும் சிரித்தார். அட்டையை வாங்கினார். படிக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குழந்தையின் தோளில் கையைப் போட்டு, தன் பக்கம் இழுத்து நிறுத்தினார்.

"இதோ, இவளைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள கர்த்தரே அனுப்பிட்டார்."

ஏழு நாள். உதட்டைப் பிதுக்கியது. குழாய். ஒவ்வொன்றாக வந்தன. மேடை நடுவில் நிற்கும் குழந்தையின் வலது கை மெல்ல இடது மணிக்கட்டுக்குப் போனதை டீச்சர் பார்த்தாள். நானூறு பேருக்கு முன்னால் அந்தப் பிள்ளை நாடி பார்த்துக்கொண்டு நின்றது.

"டாக்டர் சொன்னாங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, எங்க கையில ஒண்ணும் இல்லைன்னு. சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்காம போயிட்டாங்க."

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. டாக்டரம்மாவின் முகத்தில் கோபம் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். தன் இரண்டு கைகளையும் விரித்து, யாருடைய கைகளோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்தது. அட்டைகள் கூடை கூடையாகப் போயின. கூட்டம் தேநீர்க் கூடத்துக்கு நகர்ந்தது. மெக்கானிக் மேடையிலிருந்து இறங்கி வந்து, "பார்த்தியா? அவ்வளவு பேரும் எழுதுறாங்க" என்றார்.

"பையில இருக்கிறதைப் படிங்க."

படித்தார். நிமிர்ந்தபோது டாக்டரம்மா எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. முழங்காலில் கையை ஊன்றி மெதுவாகக் குனிந்து, "கணுக்கால்ல ஒரு கோடு இருக்குமே, இருக்கா இன்னும்?" என்று குழந்தையிடம் கேட்டாள்.

குண்டூசி காலுறையை இறக்கிக் காட்டினாள். வெள்ளையாக ஒரு சின்னத் தழும்பு. டாக்டரம்மா கட்டைவிரலால் அதைத் தடவினாள். "நல்லாத்தான் ஆறியிருக்கு."

குழந்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதான் என்னை விட்டுட்டுப் போன டாக்டரா?"

மெக்கானிக் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"நான் விடல கண்ணு" என்றாள் டாக்டரம்மா. "நாலு நாளும் உன் பக்கத்துலதான் இருந்தேன். கண்ணு முழிச்சதும் என்னைப் பார்த்து ஒரு முறை முறைச்சே, இப்போ முறைக்கிறியே, அதே மாதிரி."

"அப்போ அப்பா சொன்னது?"

கூடத்திலிருந்து கோப்பைகள் மோதும் சத்தம் வந்தது.

"டாக்டர்..." என்றார் மெக்கானிக். "மன்னிச்சிடுங்க."

"முப்பது வருஷம் அந்த வார்டுல இருந்தேன்" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "என்னால முடியாம விட்ட புள்ளைங்க இருக்கு. இல்லேன்னு சொல்லல. ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு. ஆனா இவ அதுல இல்ல." கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. வரேன்."

அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் மைக் கரகரத்தது. போதகரின் குரல் சந்தோஷத்தில் கீச்சிட்டது. "நிறைஞ்சிடுச்சு! நூத்துக்கு நூறு! எங்க நம்ம மிஷனரி குடும்பம்? முன்னால வாங்க!" கைதட்டல் இடி மாதிரி எழுந்தது.

டீச்சருக்கு அன்று வந்த பயங்களிலேயே பெரிய பயம் அப்போதுதான் வந்தது. டாக்டரம்மா சொல்ல மாட்டாள். கதவை நோக்கி நடந்துகொண்டிருக்கிறாள். குழந்தையை ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். இப்போது வாயை மூடிக்கொண்டால் போதும், பயணச்சீட்டு வந்துவிடும், பதினொரு பெட்டியும் கப்பலேறும். இது எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரிந்தது. மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தாள். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

அவர் போனார். அவள் பின்னாலேயே போனாள், அவர் ஓடிவிடக் கூடாது என்றா, விழுந்துவிடக் கூடாது என்றா என்று தெரியாமல். அவசரமாகப் பிடித்த மைக் அவர் வாயில் இடித்தது. ஜனங்கள் சிரித்தார்கள்.

"நான் சொன்னதுல பாதி பொய்" என்றார்.

சிரிப்பு நின்றது.

"டாக்டர் கைவிடல. அவங்கதான் காப்பாத்தினாங்க. இங்கேயே, உங்க கூடத்தான் உட்கார்ந்திருந்தாங்க. நாலு நாள் அவங்க பட்ட பாட்டை அழிச்சிட்டு, நான் அழுது காட்டி வாங்கினேன். வர வர அப்படிச் சொன்னாத்தான் அட்டை வந்துச்சு. பயந்துட்டேன். எழுதினவங்க எல்லாரும் அட்டையைத் திருப்பி எடுத்துக்கலாம்."

கோட்டுப் போட்ட ஒருவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வந்து, கூடையில் தேடித் தன் அட்டையை எடுத்து, நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். ஓர் அம்மா வந்து குண்டூசியின் தலையைத் தடவிவிட்டு, பெரியவர்கள் இருவரையும் பார்க்காமலே தன் அட்டையை எடுத்துக்கொண்டாள். போதகர் ஜெபத்தோடு முடித்தார். அது மிகச் சின்ன ஜெபம்.

டாக்டரம்மா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். போகும்போது டீச்சரிடம் ஒரு துண்டுச்சீட்டில் வீட்டு விலாசத்தைக் கொடுத்து, "சனிக்கிழமை புள்ளையைக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

பயந்துகொண்டே போனார்கள். டாக்டரம்மா அட்டை எதிலும் கையெழுத்துப் போடவில்லை, ஊழியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, எந்த மருந்து எடைக்கு எவ்வளவு, எந்த அறிகுறி வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் படகேற வேண்டும் என்று டீச்சருக்குப் பாடம் எடுத்தாள். தப்பாகச் சொன்னால் திரும்பச் சொல்ல வைத்தாள். நான்கு சனிக்கிழமை அப்படிப் போனது. குண்டூசி தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்த பூனைக்குக்கூடக் காய்ச்சல் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடிக்கும் பழக்கம் மட்டும் போக இன்னும் ஆறு மாதம் ஆனது.

சங்கம் ஒரு வருஷம் தள்ளி வைத்தது. அந்தக் கதையைச் சொன்ன சபைகளுக்கெல்லாம் மறுபடி போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றது.

"வாங்காத காசை வேண்டாம்னு சொல்லவும் ஊர் ஊராப் போகணுமா?" என்று அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் மாடி அறைக்குப் புதிதாக ஒரு மின்விசிறி வாங்கி மாட்டிவிட்டாள்.

மெக்கானிக் பழைய பட்டறையிலேயே கூலிக்குச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போனார்கள். முதல் தடவை கேட்கப் போனபோது இருந்த பயம் இப்போது இருந்த பயத்துக்கு உறை போடக் காணாது. சில இடத்தில் நாற்காலிகூடக் கொடுக்கவில்லை. ஒரு சபையில் பேசவே விடவில்லை. பத்தாவது சபையில் பதினோரு பேர் வந்திருந்தார்கள். கேட்டு முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "அப்போ அன்னைக்கு அற்புதம் நடந்துச்சா, நடக்கலையா? அதைச் சொல்லு" என்று அதட்டினார்.

டீச்சர்தான் எழுந்தாள்.

"நாங்க வராந்தாவுல அழுதுட்டிருந்தோம். உள்ள ஒரு அம்மா தூங்காம வேலை பார்த்தாங்க. புள்ள பிழைச்சா. எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாங்க."

பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். போகும்போது அட்டை கேட்டு வாங்கிக்கொண்டார். எழுதித் தருகிறேன் என்று சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்துத் தபாலில் வந்தது.

தேவை நிறைய ஒரு வருஷமும் நான்கு மாதமும் ஆயிற்று. கடைசி மூன்று சதவீதத்தைச் சங்கம் தானே ஏற்றுக்கொண்டது.

பெரிய கப்பலிலிருந்து இறங்கி, தீவுக்குப் போகும் சின்னப் படகில் ஏறியபோது காலை வெயில் ஏறியிருந்தது. அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. டீச்சர் பலகை விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள். மருந்துப் பை அவள் கால்களுக்கு நடுவில்.

"பயமா இருக்கா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"ஆமாங்க. ரொம்ப."

"எனக்கும்" என்றார். முன்பானால் சொல்லியிருக்க மாட்டார்.

குண்டூசி விளிம்பில் குனிந்து இரண்டாவது தடவையாக வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு படகுக்காரனிடம் திரும்பினாள். "இன்னும் எவ்வளவு நேரம்?"

அவனுக்கு அவள் பேச்சு புரியவில்லை. கேள்வி மட்டும் புரிந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே மூன்று விரலைக் காட்டினான்.

மூன்று மணி நேரமா, மூன்று நாளா என்று அவர்களில் யாருக்கும் தெரியவில்லை.